கக்கூசு வரைக்கும் வெளிச்சம்

மத்தியானச் சோற்றுக்குப் பிறகு என் மனைவி தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டிருந்தாள். சோற்றோடு ஒரு பேணி, அதுதான் அன்றைய கடைசித் தண்ணீர். பின்னேரத் தேநீரை எனக்கு மட்டும் போடுவாள். "எனக்கு வேண்டாம், நெஞ்செரியுது" என்பாள். நெஞ்செரிவு இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். நான் எதையும் எண்ணிக்கொண்டிருக்கிறவன். நீர்ப்பாசனக் கந்தோரில் இலிகிதனாக இருந்து குளத்து நீர்மட்டத்தை எழுதியே கிழவனானேன். அந்தப் பழக்கம் ஓய்வூதியத்தோடு போய்விடவில்லை. மீள்குடியேறி வந்த முதல் வருடத்தில் அவள் ஒரு நாளைக்கு மூன்று பேணிக்கு மேல் குடித்ததை நான் காணவில்லை. கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்து வெயிலில் மாடுகூட அந்த அளவோடு நிற்காது.

காரணம் கக்கூசு.

வீட்டுத் திட்டத்தோடு சேர்த்துக் கட்டித் தந்தார்கள். கிணற்றுத் தண்ணீர் கெடாமல் இருக்கக் குழி தள்ளித்தான் இருக்கவேண்டும் என்று, வளவின் கடைசி மூலையை அளந்து கொடுத்தார்கள். அளவில் பிழை இல்லை, நானும் நாடா பிடித்துப் பார்த்தேன். ஆனால் எங்கள் வாசற்படியிலிருந்து கக்கூசுக் கதவு வரைக்கும் எழுபத்திரண்டு அடி. பகலில் அது ஒரு தூரமே இல்லை. பொழுதுபட்டால் அந்த எழுபத்திரண்டு அடியும் வேறு ஒருவருடைய காணியாகிவிடும்.

யுத்தத்தில் இடம்பெயர்ந்து நாங்கள் இல்லாத வருடங்களில் வளவு பற்றையாகிக் கிடந்தது. கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் வந்து, வெள்ளைத் தடியும் சிவப்புத் தடியும் நட்டுத் தேடி, முழுவதும் சுத்தம் என்று கடதாசி தந்துவிட்டுப் போனார்கள். நான் கடதாசியை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கேட்டுவிட்டு, "மண்ணுக்குள்ளை கிடக்கிறது கடதாசி வாசிக்குமோ?" என்றாள். அன்று தொடங்கி அவள் பாதையை விட்டு ஒரு சாண் விலகி நடந்ததில்லை.

பிறகு மாரி தொடங்கியபோது ஒரு புடையன் பாம்பு பாதைக்குக் குறுக்கே படுத்துக் கிடந்தது. அவள் கையில் ரோச் இருந்தது. ரோச் வெளிச்சம் முன்னால் விழுந்த இடத்தில் பாம்பு இல்லை. கால் வைக்கப் போன இடத்தில் இருந்தது. சீறின சத்தம் கேட்டுப் பின்வாங்கினதால் தப்பினாள். அதற்குப் பிறகு பொழுதுபட்டால் அவள் வாசற்படியைத் தாண்டுவதில்லை. தாண்டத் தேவை வராமல் இருக்கத்தான் தண்ணீரை நிறுத்தினாள்.

"உள்ளுக்குள்ளை ஒரு வாளி வைப்பம்" என்று ஒருமுறை சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் முடிந்திருந்தால் நான் அந்தச் சொல்லைத் திருப்பி விழுங்கியிருப்பேன். முகாமில் பதினொரு பேர் ஒரு கூடாரத்தில் இருந்தோம். மழை நாட்களில் பெண்கள் ஒரு சேலையைப் பிடித்துக்கொண்டு மறைப்புக் கட்டி, அதற்குள் ஒரு வாளியை வைத்திருந்தார்கள். "அந்த வாளியை இந்த வீட்டுக்குள்ளை கொண்டு வராதேங்கோ" என்றாள்.

அடுத்த வருடம் அவளுக்கு விலாவில் வலி வந்தது. மன்னார் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, சிறுநீரகத்தில் இரண்டு கல் என்றார்கள். இள வயது டொக்டர். "அம்மா, தண்ணி குடியுங்கோ. பின்னேரமும் குடியுங்கோ, படுக்க முன்னமும் குடியுங்கோ. ஏன் குடிக்கிறேல்லை?" என்று கேட்டார்.

"மறந்துபோறன் டொக்டர்" என்றாள்.

"இப்பிடியே மறந்தா ஒரு பக்கம் பழுதாகிப்போம். பிறகு நான் ஒண்டும் செய்யேலாது."

பஸ்ஸில் திரும்பினோம். மன்னார்த் தீவைத் தாண்டிப் பெருநிலத்தில் ஏறிய பிறகு, யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்: "ரோச் ஒரு இடத்தைத்தான் காட்டுது. மற்ற இடம் முழுக்க இன்னும் இருட்டாகுது. எனக்கு முழுக்கத் தெரியவேணும். வாசல்லை நிண்டு பாக்க, கக்கூசுக் கதவு வரைக்கும், ரெண்டு பக்கமும், ஒரேயடியாத் தெரிஞ்சா நான் போவன். போனா, குடிப்பன்."

எனக்கு வேண்டிய கணக்கு அதுதான். மின்கம்பங்கள் பிரதான வீதியோடு நின்றுவிட்டன. எங்கள் ஒழுங்கைக்கு எப்போது வரும் என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே பதில், வரும். வீட்டில் இருந்தது கூரையில் ஒரு சோலார்த் தட்டும் மூலையில் ஒரு பற்றரியும் அதில் எரிகிற இரண்டு சின்ன விளக்குகளும். அந்தப் பற்றரியை நம்பித்தான் நான் பெரிய விளக்கு ஒன்று செய்ய இறங்கினேன். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படித்தவன், மின்சாரக் கணக்கு மறக்கவில்லை.

அடுத்த வளவில் மனைவியின் தம்பி இருந்தான். உழவு இயந்திரம் ஓட்டுகிறவன், வாய்க்காரன். மன்னாருக்கு உரம் ஏற்றப் போனபோது அவனிடம் சொல்லி ஒன்பது எல்.ஈ.டி. வாங்குவித்தேன். சாதாரணப் பொட்டு விளக்கு அல்ல, கூடிய சக்தி உள்ளவை. ஒவ்வொன்றும் ஒரு சின்ன நட்சத்திரத் தகட்டில் இருந்தது. அவன் அவற்றைக் கடதாசியில் சுற்றிச் சட்டைப் பையிலிருந்து எடுத்தான்.

"இந்தாங்கோ அத்தான், உங்கடை சூரியன். ஒன்பதையும் விழுங்கினாலும் வயித்துக்குக் காணாது."

"எண்ணித்தான் வாங்கினியோ?"

"நான் எண்ணாட்டி என்ன, நீங்கள் மூண்டுதரம் எண்ணுவீங்கள்தானே."

மூன்று மூன்றாக மூன்று வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்த ஒரு தடை. சிரட்டைக் கரியில் காய்ச்சிய கோலால் ஈயம் ஒட்டி, எல்லாவற்றையும் ஒரு பிஸ்கற் ரின் மூடியில் பொருத்தினேன். பற்றரியில் கொழுவியதும் அறைக்குள் மின்னல் வெட்டி நின்றுவிட்ட மாதிரி இருந்தது. மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டாள். நான் சந்தோசப்பட்டுக்கொண்டிருக்கும்போதே பிளாஸ்ரிக் கருகுகிற மணம் வந்தது. நடுவரிசை நீலமாகி, மங்கி, செத்துப்போயிற்று. பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்து விரலைச் சுட்டுக்கொண்டேன். வெளிச்சம் முன்னால் போகிறது, சூடு முதுகில் தங்குகிறது. தங்கினால் செத்துவிடும். மெல்லிய தகரத்துக்கு அந்தச் சூட்டைக் கொண்டுபோகத் தெம்பில்லை.

மிச்சம் ஆறு.

அந்த நாட்களில் வீதியோரங்களில் எரிந்த வாகனங்களைக் குவித்து வைத்திருந்தார்கள். தம்பிக்காரன் அங்கேயிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றிக்கொண்டு வந்தான். காற்றில் சூடு போவதற்கென்றே செய்த அலுமினியம், சுற்றிவர மீன் செதில் மாதிரிப் பன்னிரண்டு தகடுகள். யாருடைய சைக்கிளோ. கரியைத் தேய்த்துக் கழுவும்போது அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். அதன் அடியில் தடித்த அலுமினியத் தகடு ஒன்றை வைத்து, ஏற்கெனவே இருந்த நாலு துளைகளில் ஆணி போட்டு இறுக்கி, அந்தத் தகட்டில் எல்.ஈ.டி.க்களை வெள்ளைப் பசை பூசி ஒட்டினேன். தம்பிக்காரன் அடுத்த பயணத்தில் வாங்கி வந்த மூன்றையும் சேர்த்து மறுபடியும் ஒன்பது. இந்த முறை சூடு செதில்களுக்கு ஓடிற்று. கையை வைத்துக்கொண்டிருக்க முடிந்தது.

வாசலருகில் ஒரு இரும்புக் குழாயை நட்டு அதன் உச்சியில் விளக்கை ஏற்றுவதற்கு முன், நான் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டினேன். மேலேயும் நாலு பக்கமும் மூடுகிற மாதிரி வளைத்து, உள்ளே வெளியே கறுப்பு வர்ணம் பூசி, விளக்குக்குத் தொப்பி போட்டேன். நல்ல வேலை. மூலைகள் எல்லாம் பொருந்தி வந்தன.

பொழுதுபட்டதும் போட்டேன். குழாயின் அடியில் ஒரு வட்டம் விழுந்தது. இரண்டு பாய் விரிக்கலாம், அவ்வளவுதான். அந்த வட்டத்துக்குள் ஒவ்வொரு மணலும் தெரிந்தது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. மனைவி வட்டத்தின் விளிம்பு வரைக்கும் போனாள். அங்கே நின்றாள். பிறகு திரும்பி வந்து உள்ளே இருந்துவிட்டாள்.

"கிணத்துக்குள்ளை நிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றாள்.

தம்பிக்காரன் வேலிக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டுக் குனிந்து கம்பிக்குள்ளால் வந்தான். "அத்தான், இது லைற்றோ, இல்லாட்டி லைற்றைப் பிடிச்சு அடைச்சு வைச்சிருக்கிற மறியலோ?"

"மழை படக்கூடாது" என்றேன்.

"மழைக்கு மேலை ஒரு மூடி காணும். பக்கத்துக்கு ஏன்?"

"பூச்சி வரும்."

"பூச்சி வந்தா லைற்றையோ தின்னப்போகுது?"

"கண்ணுக்குக் கூசும். சந்தியிலை சென்றி இருக்கு."

ஒழுங்கை முடிவில், வீதியில் ஏறும் சந்தியில், ஆமிக்காரரின் காவலரண் ஒன்று இருந்தது. பனங்குற்றியும் மணல்மூட்டையும். எங்கள் வளவுக்கு முள்ளுக்கம்பி மட்டுமே வேலி. அங்கேயிருந்து பார்த்தால் எங்கள் வாசல் தெரியும்.

அவன் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மனைவி உள்ளேயிருந்து, தாழ்ந்த குரலில், "இனி மேலாலை ஒண்டும் வராது" என்றாள்.

நான் தொப்பியை நிமிர்ந்து பார்த்தேன். ஜாம் போத்தலில் திரி போட்டு எரித்த வருடங்களில், மேலே பிளேன் இரைச்சல் கேட்டால் ஊதி அணைக்கவேண்டும். அணைக்க நேரம் இல்லாவிட்டால் வெளிச்சம் மேலே போகாதபடி மூடி வேண்டும். பால்மா ரின்னை வெட்டி அப்படி மூடி செய்வதில் நான் கெட்டிக்காரன். பங்கர் வெட்டியிருந்த பதினான்கு வீட்டுக்கும் நான்தான் செய்து கொடுத்தேன். மழையும் பூச்சியும் நான் பிறகு கண்டுபிடித்த காரணங்கள். தகரத்தை எடுத்ததும் கை தன்பாட்டில் அந்த மூடியையே வெட்டியிருக்கிறது. எழுபத்திரண்டு அடிக்கு வெளிச்சம் செய்ய வெளிக்கிட்டவன், அது ஒரு அடிகூட வெளியே போகாமல் பார்த்துக்கொண்டேன்.

"கழட்டுவமோ அத்தான்?"

"நாளைக்கு" என்றேன்.

மறுநாளும் "நாளைக்கு" என்றேன். மனைவி பின்னேரத் தேநீரை எனக்கு மட்டும் போட்டு வைத்துவிட்டு, விலாவைக் கையால் அமத்திக்கொண்டு கதிரையில் சாய்ந்தாள். நான் அந்தத் தேநீரைக் குடிக்காமல் எழும்பிப்போய்த் தொப்பியைக் கழற்றினேன். ஆறு ஆணி. மேலே மழைக்கு ஒரு துண்டுத் தகரத்தை மட்டும் விட்டேன்.

அன்று பொழுதுபட்டு விளக்கைப் போட்டதும் வளவு முழுவதும் எழும்பி நின்றது. கக்கூசுக் கதவு, அதன் கொளுக்கி, கிணற்றுக் கட்டு, வாளி, முள்ளுக்கம்பித் தூண் இருபத்தாறும், அதற்கப்பால் ஒழுங்கையில் படுத்திருந்த ஒரு மாட்டின் கண்கள் இரண்டும். பாதையின் இரு பக்கமும் கோரைப்புல் தனித்தனியே தெரிந்தது. பார்க்க வந்திருந்த தம்பிக்காரனோடு நாங்கள் மூன்று பேரும் என்ன செய்தோம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. உள்ளே ஓடிக் கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்றோம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. காது மேலே போயிற்று. பூச்சிகள் வந்தன. வேறு ஒன்றும் வரவில்லை.

"அக்கா, நான் என்னத்துக்கு ஒளிக்கிறன்?" என்று கேட்டுத் தம்பிக்காரன் சிரிக்கத் தொடங்கினான். அப்போது ஒழுங்கையில் சைக்கிள் மணி கேட்டது. சிரிப்பு நின்றது.

"ஐயா!"

படலைக்கு வெளியே ஒரு ஆமிக்காரப் பொடியன், இருபத்திரண்டு வயது இருக்கும். துவக்கு முதுகில். ஒரு கையால் கண்ணை மறைத்திருந்தான். நான் போனேன். அவன் விளக்கைக் காட்டி, "ஐயா, லைற்... கண்ணு. பொட்டக் பஹளட்ட" என்று கையைக் கீழே இறக்கிக் காட்டினான். கொஞ்சம் கீழே திருப்பச் சொல்கிறான். கந்தோரில் பழகிய சிங்களத்தில் "சரி, சரி" என்றேன். அவன் நின்று செதில்களைப் பார்த்தான். "கெதர ஹெதுவத?" வீட்டில் செய்ததா என்று கேட்டான். ஓம் என்று தலையாட்டினேன். நல்லது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவ்வளவுதான். எனக்கு நெஞ்சிடி அடங்க அதைவிடக் கூடிய நேரம் எடுத்தது.

விளக்கைக் கீழே சரித்தேன். இப்போது சந்திப் பக்கம் இருட்டு, பாதை மட்டும் பகல். நினைத்ததைவிட நன்றாக இருந்தது. "போயிட்டு வாரும், எல்லாம் தெரியுது" என்றேன்.

மனைவி வாசலில் நின்று பாதையைப் பார்த்தாள். பிறகு சந்தியைப் பார்த்தாள். மறுபடியும் பாதையைப் பார்த்தாள்.

"எனக்கு எல்லாம் தெரியுது. அவங்களுக்கும் தெரியும்" என்றாள்.

நான் அதை யோசிக்கவே இல்லை. முன்பு விளக்கு அவர்கள் கண்ணில் அடித்தபோது அவர்களால் எங்களைப் பார்க்க முடியாது. இறக்கிவிட்டதும் அவர்கள் இருட்டில், நாங்கள் வெளிச்சத்தில். ஒரு பொம்பிளை தண்ணீர் வாளியோடு எழுபத்திரண்டு அடியும் நடந்து போய்க் கதவைச் சாத்துவதை அங்கேயிருந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டு பார்க்கலாம். உயர்த்தினால் சைக்கிள் மணி கேட்கும். தொப்பி போட்டால் கிணறு. எல்லாப் பக்கமும் எண்ணிப் பார்த்தேன், மூன்று வழியும் அடைத்துக் கிடந்தது.

"வேலியில்லாத வளவுக்குள்ளை லைற்றைப் போட்டா அது கூத்து மேடைதானே அத்தான்" என்றான் தம்பிக்காரன். "அக்கா என்ன, ராசா வேசமோ கட்டிக்கொண்டு போறது?"

அவன் பகிடிக்குத்தான் சொன்னான். மனைவி சிரிக்கவில்லை. "வேலி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

எங்கள் பக்கத்தில் காணி வாங்கினவன் முதலில் வேலியைத்தான் அடைப்பான், வீடு பிறகு. ஆள் உயரத்துக்கு மேலே பனையோலை. இந்த வளவிலும் அப்படித்தான் இருந்தது. திரும்பி வந்தபோது தூணும் முள்ளுக்கம்பியும் இனாமாகக் கிடைத்தன. நாலு வரி இழுத்துக் கட்டிவிட்டு வேலி முடிந்தது என்று நானும் இருந்துவிட்டேன். முகாமில் முள்ளுக்கம்பியையே பார்த்துப் பழகின கண்ணுக்கு அது வேலி இல்லை என்று படவில்லை. இருபத்தாறு தூணையும் எத்தனை தரம் எண்ணியிருப்பேன், இடையில் ஒன்றும் இல்லை என்பதை எண்ணவில்லை.

தம்பிக்காரன் வங்காலைப் பக்கமிருந்து உழவு இயந்திரப் பெட்டி நிறைய ஓலை ஏற்றி வந்தான். சந்தியைப் பார்த்த பக்கத்தை மட்டும் அடைப்பது என்று முடிவு. வேலி அடைக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே நின்று குத்தூசியில் கயிற்றைக் கோத்து ஓலைக்கூடாகக் குத்தவேண்டும். உள்ளே நிற்கிறவர் அதைப் பிடித்து, சுற்றி, திருப்பிக் குத்தவேண்டும். தம்பிக்காரன் வயலுக்குப் போய்விட்டான். நான் வெளியே, மனைவி உள்ளே.

"குத்துறன், கை கவனம்."

"குத்துங்கோ."

"பிடிச்சீரோ?"

"பிடிச்சிட்டன். இழுக்காதேங்கோ, முடிச்சுப் போடுறன்."

காவலரணில் அந்தப் பொடியன் எழும்பி நின்று பார்த்தான். மறைப்புக் கட்டக்கூடாது என்று சொல்ல வருவான் என்று ஒவ்வொரு ஓலைக்கும் எதிர்பார்த்தேன். வரவில்லை. கடைசி வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு முடிவு தெரிந்திருக்கும். சொல்லாததை வைத்துக்கொண்டு நான் பின்னேரம் வரைக்கும் வியர்த்தேன். ஓலை ஏற ஏற மனைவியின் கால் மறைந்தது, பிறகு கை, பிறகு முகம். கடைசி வரியில் குரல் மட்டும் இருந்தது. முகாமில் கம்பிக்குள் கிடந்து, வெளியே விடுங்கள் என்று கேட்டு வந்தவர்கள் நாங்கள். வந்து, எங்களை நாங்களே அடைத்துக்கொண்டிருந்தோம்.

"இஞ்சருங்கோ, இன்னும் ரெண்டு ஓலை வையுங்கோ. மூலையிலை ஒரு கீறல் தெரியுது."

வைத்தேன்.

அன்று பொழுதுபட்டதும் விளக்கைப் போட்டேன். ஓலை வேலியில் பட்ட வெளிச்சம் திரும்பிப் பாதையில் விழுந்தது. முன்பிருந்ததைவிட வெளிச்சம். மனைவி செம்பிலிருந்து ஒரு பேணி நிறையத் தண்ணீர் வார்த்தாள். வாசற்படியில் நின்று, பாதையைப் பார்த்துக்கொண்டே குடித்தாள். ஏழு மிடறு. குடித்து முடித்து, பேணியை என் கையில் தந்துவிட்டு இறங்கினாள். நான் வாசலில் நின்றேன். அவளுடைய நிழல் வேலியில் பெரிதாக விழுந்து கூடவே போயிற்று. கக்கூசுக் கதவு திறந்து சாத்தும் சத்தம் கேட்டது.

"எண்ணிக்கொண்டு நிக்காதேங்கோ, உள்ளை போங்கோ" என்று அங்கேயிருந்து சத்தம் போட்டாள்.

திரும்பி வந்து கால் கழுவினாள். நான் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன், இரண்டாவது தாழ்ப்பாளும் போட்டேன். பற்றரி தாங்காது என்று விளக்கை அணைக்கக் கை வைத்தேன். அவள் செம்பைச் சரித்து இன்னும் அரைப் பேணி வார்த்துக்கொண்டிருந்தாள்.

"அணையுங்கோ. ஆனா நித்திரையாப் போயிடாதேங்கோ" என்றாள். "படுக்க முன்னம் இன்னொருக்கால் போடவேண்டி வரும்."